தறிச் சத்தமும் தமிழ்ச் செவியும்

அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வழியாகத் திருப்பதி போகிற ரயிலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர் என்ற பெயர்ப்பலகைகள் பழக்கமானவை. பலருக்கு அவை ஏழுமலையான் மலை நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம் மட்டுமே. அந்த ஊர்களில் இறங்கித் தெருவுக்குள் நடந்து பார்த்தவர்களுக்கு வேறொரு அடையாளம் உண்டு. வீட்டுக்கு வீடு, சந்துக்குச் சந்து, "தடக் தடக்" என்று ஓயாமல் ஒலிக்கும் விசைத்தறிச் சத்தம்தான் அது. நகரி, ஏகாம்பரகுப்பம், சத்திரவாடா, புத்தூர், நாராயணவனம் என்று நீளும் இந்த நெசவு வட்டாரத்தைப் பற்றி எழுதியவர்கள் வேட்டி, லுங்கி, சேலை பற்றியும், சாயக் கழிவு குசஸ்தலை ஆற்றில் கலப்பது பற்றியும் எழுதியிருக்கிறார்கள். அந்தத் தறிகளுக்கு நடுவே நிற்கிற மனிதனின் காதைப் பற்றி அதிகம் பேச்சில்லை. இக்கட்டுரை அந்தக் காதின் வரலாறு.

முதலில் ஊரின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சித்தூர் ஒரு காலத்தில் வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகரம். 1911-இல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போயிற்று. ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பின் படாஸ்கர் தீர்ப்பு வந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது. நகரியும் புத்தூரும் நாராயணவனமும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது வரை கோடுகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. இந்த ஊர்களில் தறி நெய்கிற குடும்பங்களின் வீட்டுமொழி மட்டும் பெரும்பாலும் தமிழாகவே இருக்கிறது. ஒட்டக்கூத்தரைத் தம்மவர் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் செங்குந்தர்கள் இங்கே கணிசம். வீட்டுக்குள் தமிழ், தாலுகா ஆபீஸிலும் பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் தெலுங்கு. இந்த இருமொழி வாழ்க்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். காது விஷயத்தில் அதற்கு ஒரு தனிப் பங்கு இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இவர்களின் பாட்டனார்கள் நெய்தது குழித்தறியில். குழித்தறிக்கும் சத்தம் உண்டு. ஆனால் அது ஆளின் கை கால் வேகத்துக்குக் கட்டுப்பட்ட சத்தம். நெய்கிறவர் நிறுத்தினால் நிற்கும். பக்கத்தில் தார் சுற்றிக்கொண்டிருக்கும் மனைவியோடு பேசிக்கொண்டே நெய்யலாம். திண்ணைக்கு வந்தவரை "வாங்க மாமா, உக்காருங்க" என்று கூப்பிடலாம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது கூலிக் கணக்கு மாறியது, வேலை நேரம் மாறியது, துணியின் ரகம் மாறியது. இவற்றையெல்லாம் ஆய்வாளர்கள் கணக்கெடுத்திருக்கிறார்கள். தறிக்கூடத்துக்குள் பேச்சு நின்றுபோனதை ஒரு பொருளாதார மாற்றமாக யாரும் எண்ணவில்லை. எனக்கு அது பெரிய மாற்றமாகப் படுகிறது.

சாதா விசைத்தறி எப்படிச் சத்தம் போடுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பாவு நூல்களுக்கு நடுவே ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் பாய்கிறது. அதைப் பாய வைப்பது ஒரு மரக்கோலின் அடி. மறுபக்கம் பெட்டிக்குள் போய் அது மோதி நிற்கிறது. உடனே அங்கிருந்து இன்னொரு அடி. நிமிடத்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட முறை இப்படி அடித்து, நிறுத்தி, திருப்பி அடிக்கிறது. ஒவ்வொரு முறையும் அச்சு வந்து ஊடையைத் தட்டுகிறது. ஒரு தறி இப்படி. நான்கு, ஆறு, எட்டுத் தறிகள் ஒரே தகரக் கூரையின் கீழ், சிமெண்டுச் சுவர்களுக்கு நடுவே ஓடினால் சத்தம் வெளியேற வழியில்லாமல் சுவரில் மோதி மோதித் திரும்புகிறது. நாடாத் தறிக்கூடங்களில் 95 முதல் 105 டெசிபெல் வரை சத்தம் இருப்பதாக உலகெங்கும் எடுத்த அளவுகள் காட்டுகின்றன. டெசிபெல் கணக்கு சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 90-க்கும் 100-க்கும் வித்தியாசம் 10 என்று நினைத்துவிடக் கூடாது. ஒலியின் ஆற்றல் 10 மடங்கு. ஒரு மீட்டர் தள்ளி நின்று இரண்டு பேர் சாதாரணமாகப் பேசினால் 60 டெசிபெல் தேறும். அப்படியானால் 100 டெசிபெல் கூடத்தில் பேச்சு எங்கே போகும்? வாயைக் காதில் வைத்துக் கத்த வேண்டும். இல்லையேல் கையால் பேச வேண்டும்.

கன்னான் தெரு முதல் டண்டி நகர் வரை

சத்தம் காதைக் கெடுக்கும் என்பது புதிய கண்டுபிடிப்பல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700-இல் தொழிலாளர் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வெனிஸ் நகரத்தில் செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள் ஒரே பகுதியில் கூடி வாழ்ந்து நாள் முழுக்கத் தட்டித் தட்டியே காது மந்தமாகி, வயதானபின் முழுச் செவிடாகிறார்கள் என்று அதில் குறித்திருக்கிறார். நம் ஊர்க் கன்னான் தெருக்களை நினைத்துக்கொண்டால் இது நமக்குப் புரியாத செய்தி அல்ல.

1886-இல் கிளாஸ்கோ நகரத்துக் காது மருத்துவர் தாமஸ் பார் ஒரு காரியம் செய்தார். கப்பல் பாய்லர் செய்யும் தொழிலாளிகள் 100 பேர், இரும்பு வார்க்கும் தொழிலாளிகள் 100 பேர், தபால்காரர்கள் 100 பேர் என்று மூன்று கூட்டத்தாரைச் சோதித்தார். கருவி என்று பெரிதாக ஒன்றுமில்லை. கடிகாரத்தின் டிக் டிக் எவ்வளவு தூரத்தில் கேட்கிறது என்று பார்த்தார். பாய்லர் தொழிலாளிகளில் ஒருவருக்குக்கூடச் சரியான காது இல்லை. அதைவிட முக்கியமாக, "பொதுக்கூட்டத்தில் பேசுகிறவர் சொல்வது உங்களுக்குக் கேட்கிறதா?" என்ற விஷயத்தையும் அவர் விசாரித்தார். பாய்லர்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அது சிரமம் அல்லது முடியவே முடியாது என்று தெரிந்தது. டிக் டிக் கேட்பது வேறு, கூட்டத்தில் பேச்சு விளங்குவது வேறு என்பதை 140 ஆண்டுகளுக்கு முன்பே அவர் பிரித்துப் பார்த்திருக்கிறார்.

தறிக்கு வருவோம். எட்மண்ட் கார்ட்ரைட் விசைத்தறிக்குக் காப்புரிமை பெற்றது 1785. அடுத்த நூற்றாண்டில் இங்கிலாந்தின் லங்காஷயர் முழுவதும் தறி ஆலைகள் நிறைந்தன. அங்கே நெசவு செய்த பெண்கள் சத்தத்துக்கு நடுவே பேச ஒரு தனி முறையே கண்டுபிடித்தார்கள். குரல் இல்லாமல் உதட்டை மட்டும் மிகையாக அசைத்து, கையும் முகமும் சேர்த்துப் பேசுவது. அதற்கு "மீ-மாவிங்" என்று பெயர். ஆலையை விட்டு வெளியே வந்தபிறகும் தெருவில் எதிரெதிரே நின்று அப்படியே பேசிக்கொள்வார்களாம். அந்தரங்கமான பேச்சுக்கு ரொம்ப வசதி! நகரித் தறிக்கூடங்களிலும் இதுபோன்ற சைகைதான் நடக்கிறது. நூல் அறுந்தால் ஒரு விரல் அசைவு, தார் தீர்ந்தால் ஒரு கை அசைவு, முதலாளி வந்தால் ஒரு புருவ அசைவு.

ஸ்காட்லாந்தின் டண்டி நகரம் நமக்கு இன்னும் நெருக்கம். அங்கே நெய்த சணல் வங்காளத்திலிருந்து போனது. அந்தச் சணல் ஆலைப் பெண்களின் காதை டெய்லர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவும் சோதித்து 1965-இல் வெளியிட்டார்கள். ஓராண்டு நெய்தவர் முதல் 50 ஆண்டு நெய்தவர் வரை அதில் இருந்தார்கள். ஒரே மாதிரித் தறி, ஒரே மாதிரிச் சத்தம், பல பத்தாண்டுகள். ஆராய்ச்சிக்கு இதைவிடத் தெளிவான களம் கிடைக்காது. அவர்கள் கண்டது இது: முதல் 10, 15 ஆண்டுகளிலேயே 4000 ஹெர்ட்ஸ் சுற்றிலுள்ள கூர்மையான ஒலிகள் பெருமளவு போய்விடுகின்றன. பேச்சுக்கு முக்கியமான கீழ் ஒலிகளுக்கு அந்தச் சேதம் பிறகு மெதுவாக இறங்கி வருகிறது. 1971-இல் வந்த தொடர் ஆய்வு, இந்தப் பெண்கள் தொலைபேசியில் பேசவும், புதியவர்களோடு பேசவும், கூட்டங்களில் கேட்கவும் எவ்வளவு திண்டாடினார்கள் என்பதைப் பதிவு செய்தது.

உயிர் நிற்கும், மெய் போகும்

இனி நம்முடைய செவிக்குள் நடப்பதைப் பார்ப்போம். உள்காதில் நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிரணுக்கள். கூரிய ஒலிகளை வாங்குபவை வாசலுக்குப் பக்கத்திலும், தடித்த ஒலிகளை வாங்குபவை உள்ளேயும் இருக்கின்றன. பெருஞ்சத்தம் முதலில் சாய்ப்பது வாசலுக்குப் பக்கத்தில் இருப்பவற்றை. ஒருமுறை செத்த மயிரணு மனிதரில் மறுபடி முளைப்பதில்லை. தறியை விட்டு வந்த சாயங்காலம் காது "கொய்ங்" என்று இரைந்து, மறுநாள் காலை சரியாகிவிட்டால் ஒன்றும் ஆகவில்லை என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். 2009-இல் குஜாவா, லிபர்மன் என்ற இருவர் எலிகளில் செய்த ஆய்வு இதைப் புரட்டிப்போட்டது. கேட்கும் திறன் திரும்பிவிட்ட காதிலும் மயிரணுவையும் நரம்பையும் இணைக்கும் முனைகள் நிரந்தரமாக அறுந்திருந்தன. அமைதியான அறையில் வைத்துச் சோதித்தால் காது நன்றாக இருப்பதாகக் கருவி சொல்லும். கல்யாண வீட்டிலோ பஸ் ஸ்டாண்டிலோ பேச்சு விளங்காது. மனிதரிலும் இப்படியேதானா என்பது இன்னும் ஆராயப்படும் விஷயம். ஆனால் "டாக்டர் டெஸ்ட் பண்ணிட்டு நல்லாத்தான் இருக்குன்றாரு, எனக்குப் புரியமாட்டேங்குதே" என்று சொல்கிறவரைப் பொய் சொல்கிறார் என்று தள்ளிவிட முடியாது என்றாகிவிட்டது.

தமிழ் எழுத்துகளை வைத்து இதைப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். தொல்காப்பியர் பிறப்பியலில் ஒவ்வோர் ஒலியும் வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்லிவைத்தார். இலக்கணத்தார் க, ச, ட, த, ப, ற ஆறையும் வல்லினம் என்றார்கள். வாய்க்கு அவை வல்லினம்தான். காதுக்கோ அவையே பலவீனமானவை! உயிரெழுத்தின் ஒலியில் ஆற்றல் அதிகம். அது தடித்த ஒலி, நீண்டு நிற்பது. மெல்லினமும் தடித்த ஒலிதான், ஓரளவு தாக்குப்பிடிக்கும். வல்லெழுத்தோ ஒரு கணப்பொழுதில் வெடித்து மறையும் கூரிய ஒலி. சத்தத்தில் முதலில் முழுகுவதும் அது, சேதமான காதில் முதலில் தொலைவதும் அது. ஆக, தறிக்காரரின் காதில் உயிர் நிற்கிறது, மெய் போகிறது. அவருக்குப் பேச்சு கேட்கிறது. ஆனால் "பட்டு" சொன்னார்களா "பத்து" சொன்னார்களா என்று தெரியவில்லை. இரட்டித்த வல்லெழுத்துக்கு நடுவில் நாம் ஒரு கணம் மௌனமாக இருக்கிறோம், அந்த மௌனமும் ஒரு செய்தி. தறி ஓடுகிற இடத்தில் அந்த மௌனத்தையும் சத்தம் நிரப்பிவிடுகிறது.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளலாமே என்றால், அதற்கும் எல்லை உண்டு. பகரமும் மகரமும் உதட்டில் ஒன்றுபோலத்தான் தெரியும். தறிக்கூடத்தில் "பாவு" என்பதும் "மாவு" என்பதும் (பாவுக்குக் கஞ்சி போடும் மாவு) கண்ணுக்கு ஒரே சொல். க, ட, த எல்லாம் வாய்க்குள்ளேயே நடந்து முடிந்துவிடுவதால் கண்ணுக்குச் சரியாக எட்டுவதில்லை. சமயசந்தர்ப்பம்தான் கைகொடுக்க வேண்டும்.

இந்தச் சமயசந்தர்ப்பத்தில்தான் இருமொழி விஷயம் வருகிறது. ஒரு சொல் பாதி கேட்டால் மீதியை நிரப்புவது மூளையின் வேலை. தாய்மொழியில் அது தானாக நடக்கும். பிற்காலத்தில் கற்ற மொழியில் அவ்வளவு சுலபமாக நடக்காது. 1997-இல் மேயோவும் சக ஆய்வாளர்களும், ஸ்பானிய மொழி பேசுகிறவர்களில் சிறுவயதிலேயே ஆங்கிலம் கற்றவர்களையும் பதினான்கு வயதுக்குமேல் கற்றவர்களையும் இரைச்சலில் ஆங்கிலம் கேட்க வைத்தார்கள். பின்னால் கற்றவர்கள் குறைந்த இரைச்சலிலேயே தடுமாறினார்கள். அமைதியில் நன்றாகத் தெரிந்த மொழிதான், இரைச்சலில் நழுவியது. நகரித் தமிழருக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். தெலுங்கில் இருபது "இரவை", அறுபது "அரவை". நாற்பது "நலபை", எண்பது "எனபை". தெலுங்கிலேயே வளர்ந்தவருக்கு இதில் குழப்பமில்லை. வீட்டில் தமிழ் பேசி, இருபது ஆண்டு தறியில் நின்ற ஒருவர் நெரிசலான பேங்க் கௌண்டரில் நின்றுகொண்டு இதைக் கேட்டால்? அவர் முதலில் இழப்பது தமிழை அல்ல, தெலுங்கை என்றே நான் கருதுகிறேன். வெளியுலகத்து வேலைகளுக்கு மகனையோ மருமகளையோ அழைத்துப் போகத் தொடங்குவார். பார்க்கிறவர்கள் "அவருக்குத் தெலுங்கு சரியா வராது" என்பார்கள். குறை மொழியில் இல்லை, காதில் இருக்கிறது. மாநிலம் விட்டு மாநிலம் வந்து வாழும் நம் போன்றவர்களுக்கு, ஊரிலிருந்து வந்த தாத்தா பாட்டி வெளியே போகத் தயங்குவதன் ஒரு காரணமும் இதுவாக இருக்கலாம்.

வீட்டிலும் கதை நடக்கிறது. 1911-இல் எத்தியன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் தாம் கண்ட ஓர் உண்மையை வெளியிட்டார்: இரைச்சலில் பேசுகிறவர் தம்மையறியாமல் குரலை உயர்த்துகிறார். தறியில் உயர்ந்த குரல், காது மந்தமானபின் வீட்டுக்கும் வந்துவிடுகிறது. "ஏன் நைனா சத்தம் போடற?" என்கிறாள் மகள். "நான் எங்கம்மா சத்தம் போட்டேன், பேசத்தான செய்றேன்" என்கிறார் அவர். ஃபோனில் பேரன் பேசினால் "கேக்குது, கேக்குது, என்னா சொல்றான்னுதான் தெரியல" என்று மனைவியிடம் கொடுத்துவிடுகிறார். இதைக் கேட்டுச் சிரிக்கிற குடும்பங்கள் உண்டு. டமாரச் செவிடன் பாத்திரத்தை வைத்து நம் நாடகங்களும் சினிமாவும் எத்தனை சிரிப்புச் சம்பாதித்தன!

சட்டம் எங்கே நிற்கிறது

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் தொழில்நோய்களின் பட்டியல் ஒன்றைக் கொண்டிருந்தது. சத்தத்தால் வரும் காதுக்கேடு அதில் ஒன்று. அந்நோய் கண்டவுடன் ஆலை நிர்வாகியும் மருத்துவரும் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. நாளுக்கு 8 மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் வரைதான் அனுமதி. 95 என்றால் 4 மணி, 100 என்றால் 2 மணி, 105 என்றால் ஒரே மணி நேரம். பல நாடுகளின் நிபுணர்கள் இதுவே தாராளம், 85 டெசிபெல்தான் எல்லையாக இருக்க வேண்டும் என்கிறார்கள். நம் கணக்குப்படியே பார்த்தாலும் 100 டெசிபெல் கூடத்தில் 2 மணி நேரத்துக்குமேல் ஒருவர் நிற்கக் கூடாது. விசைத்தறியில் 12 மணி ஷிப்ட் சாதாரணம்.

ஆனால் இந்தச் சட்டம் யாருக்கு? அதன்படி மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. வீட்டை ஒட்டிய கூடத்தில் ஆறு தறி, ஓட்டுகிறவர் மூன்று பேர், தார் சுற்ற வீட்டுப் பெண்கள் என்றால் அது தொழிற்சாலையே இல்லை. காதுக்கு இந்த எண்ணிக்கை தெரியுமா? பழைய சட்டங்களைத் திரட்டி 2020-இல் இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும் காதுக்கேடு இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை என்பதற்கான எண்ணிக்கையை அது 20 ஆக உயர்த்திவிட்டது. சிறு தறிக்கூடம் கோட்டுக்கு வெளியே இன்னும் தள்ளிப் போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாற்றுத்திறனாளி சான்றிதழாவது கிடைக்குமா என்றால், 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இரு காதிலும் பேச்சு ஒலிகளில் 60 டெசிபெல் இழப்பு இருந்தால்தான் "கேள்விக் குறைபாடு" தொடங்குகிறது. கூரிய ஒலிகளை மட்டும் இழந்து, பேச்சு கேட்டும் விளங்காமல் நிற்கும் தறிக்காரர் அந்த அளவுக்கு வருமுன் பாதி வாழ்க்கை போய்விடும்.

காதுக்குப் பஞ்சு வைத்துக்கொள்வது பழைய வழக்கம். வெறும் பஞ்சு சில டெசிபெல்தான் குறைக்கும், போதாது. நுரை ரப்பர் அடைப்பான் சரியாகச் செருகினால் நல்ல பயன் தரும், விலையும் அதிகமில்லை. அப்படியிருந்தும் நெசவாளர்கள் அதை விரும்புவதில்லை. சோம்பேறித்தனம் என்று சொல்லிவிடுவது எளிது. அவர்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது. தறி ஓட்டுகிறவருக்குக் காது ஒரு கருவி. ஊடை அறுந்தாலும், நாடா சரியாகப் பெட்டிக்குள் விழாவிட்டாலும், ஏதோ ஒரு ஆணி தளர்ந்தாலும் தாளம் மாறும். அந்த மாற்றம் காதில் விழுந்ததும் கை தானாகத் தறியை நிறுத்தும். நாலு தறியை ஒரே ஆள் பார்க்கும்போது கண் எல்லா இடத்திலும் இருக்க முடியாது. "அத்த மாட்டிக்கினா நூல் அறுந்தது தெரியாதுங்க, துணி பூரா பழுதாயிடும், கூலில புடிச்சிக்குவாங்க" என்று சொன்னால் நாம் என்ன பதில் சொல்வது?

பதில் தறியிலேயே இருக்கிறது. சாதா விசைத்தறிகளை இருந்த இடத்திலேயே மேம்படுத்த மத்திய அரசு மானியம் தந்த திட்டம் ஒன்று இருந்தது. 2017-இல் பவர்டெக்ஸ் இந்தியா என்ற பெயரில் அது விரிவாக்கப்பட்டது. துணியின் தரம் உயர வேண்டும், நல்ல விலை கிடைக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். காதை நினைத்துப் போட்ட திட்டமல்ல. ஆனால் அதில் தறிக்குப் பொருத்தச் சொன்ன சாமான்களைப் பாருங்கள். ஊடை அறுந்தால் தறியைத் தானாக நிறுத்தும் அமைப்பு, பாவு நூல் அறுந்தால் நிறுத்தும் அமைப்பு, நல்ல பிரேக், இரும்பு இருந்த சில இடங்களில் எண்ணெய் கேட்காத நைலான் பாகங்கள். நைலான் பாகம் மோதும் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்கும். நூல் அறுந்ததைத் தறியே கண்டுபிடித்து நின்றுவிட்டால், அதற்காகக் காதைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்க வேண்டிய அவசியம் ஆளுக்கு இல்லை. அடைப்பானை மாட்டிக்கொண்டே நாலு தறியும் ஓட்டலாம்.